திரையில் ஒற்றைப் புள்ளி

“மெதுவா! அந்தப் பக்கம் தூக்கு!”

ஆறு பேர் சுமந்து வந்த பெட்டி வாசல் நிலையில் இடித்து நின்றது. அக்கா ஓடிப்போய்க் கதவின் இன்னொரு பாதியைத் திறந்துவிட்டாள். பெட்டியை ஆணியடித்து மூடியிருந்தார்கள். திறக்கக் கூடாது என்று உத்தரவு.

உள்ளே தம்பி. போர் விமானி. வீட்டில் அவன் பெயர் வாலு.

“அவன்கிட்ட கடைசியா பேசினது யாரு?”

வந்தவர்களிடமெல்லாம் அப்பா இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அக்கா ஏதாவது வேலையைச் சாக்கிட்டு நகர்ந்துபோனாள்.

அவளுக்கும் அதே படையில்தான் வேலை. ரேடார் அறை. எதிரி விமானம் திரையில் புள்ளியாகத் தெரியும்; எங்கே, எத்தனை என்று மேலே பறப்பவனுக்குச் சொல்ல வேண்டும். பறப்பது சொந்தக்காரர் என்றால் ஹெட்போனைக் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். அது விதி. வாலு கடைசியாகப் பறந்த அன்றைக்குப் பக்கத்து நாற்காலிக்காரிக்குக் காய்ச்சல். நாற்காலி காலி.

“அட, நம்ம வீட்டு லவுட் ஸ்பீக்கர்!” குரலைக் கேட்டதும் வாலு சிரித்தான். “கீழதான் உன் தொல்லைன்னா, மேலயுமா?”

“வாயை மூடிட்டு இடப்பக்கம் திரும்புடா.”

“வர்றது ஒண்ணா, ரெண்டா?”

திரையில் ஒரு புள்ளி. கொஞ்சம் தடித்த புள்ளி. வேறு யாராயிருந்தாலும், ‘ரெண்டா இருக்கலாம், ஜாக்கிரதை’ என்றிருப்பாள். தம்பியைப் பயமுறுத்த மனசு வரவில்லை.

“ஒண்ணுதான். போ.”

போனான். முன்னால் போனதைத் துரத்தினான். அதை ஒட்டியே பறந்த இரண்டாவது, அவன் முதுகுக்கு வந்தது. பதினோரு விநாடி. அதன்பின் ஹெட்போனில் வெறும் இரைச்சல்.

அன்று வாலுவோடு ஜோடியாகப் பறந்தவன் உள்ளே வந்தான். அப்பா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“நீயாவது சொல்லுப்பா. வர்றது ஒண்ணுதான்னு யாரோ சொன்னாங்களாமே, அந்தப் புண்ணியவான் யாரு?”

அவன் அன்றைய பேச்சையெல்லாம் தன் ஹெட்போனில் கேட்டவன். அக்காவைப் பார்த்தான். பார்வையைத் தரைக்கு இறக்கினான்.

“இரைச்சல்லே குரல் புரியலைப்பா.”

அக்கா மூச்சை விட்டாள். பாதிதான் விட்டாள். தம்பி மனைவி அவள் காதருகே குனிந்தாள்.

“அண்ணி, அன்னிக்குப் பேசினது முழுக்க டேப்புல இருக்காம். அடக்கம் முடிஞ்சதும் ஆபீஸ்ல போட்டுக் காட்டுறாங்களாம். நானும் மாமாவும் போறோம்.”

“இன்னிக்கேவா?”

“அவரு குரலை இன்னொரு வாட்டி கேக்கணும் அண்ணி. நீங்களும் வாங்க. உங்க வேலைப் பேச்செல்லாம் எனக்கு எங்கே புரியுது? நீங்கதான் ஒவ்வொண்ணா விளக்கிச் சொல்லணும்.”

மண் மூடித் திரும்பியபோது வாசலில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் அப்பா. அக்கா பின்னால் ஏறினாள். கம்பியோரம்வரை நகர்ந்து உட்கார்ந்து, தம்பி மனைவிக்கு இடம் விட்டாள்.