தளும்பாத தேநீர்

ஜல்லி ஒன்றோடொன்று உறைந்து பாறையாகக் கிடந்த விடியல் அது. குல்பாஷ் கடப்பாரையை ஓங்கி இறக்கினாள். அதிர்வு முழங்கை வரை ஏறி அங்கேயே செத்தது. ஜாக்கி தண்டவாளத்தைத் தூக்கிப் பிடிக்க, பராமரிப்புக் குழுவின் எட்டுப் பேரும் சிலிப்பர் கட்டைக்கு அடியில் ஜல்லியைத் திணித்தார்கள். ஸ்டெப்பிப் புல்வெளிக் காற்று முகத்தை அறுத்தது. வலித்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

சோதனை ஓட்டமாக ஒரு புதுப் பயணிகள் பெட்டி வந்து நின்றது. நகரத்திலிருந்து வந்த மேலாளர் தானியார் எல்லாரையும் ஏற்றிக்கொண்டார். பெட்டி வேகமெடுத்ததும் கிண்ணங்களில் விளிம்பு முட்டத் தேநீர் ஊற்றினார்.

"ஒரு சொட்டு சிந்துதா பாருங்க! அடியில புது ஸ்பிரிங், காத்துப் பை. தண்டவாளத்துக்கு இனி அடியே விழாது. பராமரிப்புச் செலவு பாதி."

யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை.

"உங்க கை உண்மையச் சொல்லிடுச்சே, ஐயா," என்றாள் குழுவில் ஒருத்தியான ஷினார். "நாங்க விருந்தாளிக்குக் கால் கிண்ணம்தான் ஊத்துவோம். முட்ட ஊத்தினா, குடிச்சிட்டுக் கிளம்புன்னு அர்த்தம்."

தானியாரின் முகம் சிவந்தது.

"நான் அப்படி நெனச்சு ஊத்தலம்மா... சரி, சொல்லித்தானே ஆகணும். இனி நாலு பேர் போதும். மத்தவங்க குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். யாருன்னு நீங்களே பேர் குடுங்க."

குல்பாஷ் கடைசியாகச் சேர்ந்தவள். குவார்ட்டர்ஸ் அடுப்பும் அதை ஒட்டிப் படுத்திருக்கும் மகளும் கண்ணில் வந்து போனார்கள். அழுகைகூட வரவில்லை.

"நானே போயிடறேன்," என்றாள்.

"உக்காரு தங்கச்சி, உன்னை யாரு கேட்டா?" என்றார் மேஸ்திரி சாபர். பிறகு மேலாளரிடம் திரும்பினார். "வேலை லேசாச்சுன்னா எங்க முதுகு நிமிரணும், ஐயா. தலை ஏன் குறையணும்?"

"பேர் குடுக்கலேன்னா எட்டுப் பேரும் வெளிய."

"அப்போ ஜாக்கியை நீங்க பிடிங்க," என்றாள் ஷினார். "கோட்டு மட்டும் கழட்டாதீங்க, குளிரும்."

பெட்டி திரும்பி வந்ததும் எட்டுப் பேரும் இறங்கினார்கள். சாபர் வயர்லெஸ்ஸை எடுத்து அடுத்த ஸ்டேஷன் ஆட்களைக் கூப்பிட்டார்.

"மேலாளர் நாளைக்கு அங்க வருவாரு. பாதி ஆளை வேலைய விட்டு அனுப்பப் பேர் கேப்பாரு. நாங்க பேர் குடுக்கலே."

இரைச்சலுக்கு நடுவே ஒரு கரகரத்த பெண்குரல்:

"எங்ககிட்டயும் பேர் கிடையாது. அதுக்கு அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லட்டுமா?"

சாபர் கருவியைக் குல்பாஷிடம் நீட்டினார். மரத்த விரலால் பொத்தானை அழுத்த முடியவில்லை. ஷினார் அந்த விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.

"சொல்லுங்கக்கா," என்றாள் குல்பாஷ்.