கையோ, காலோ

ஒரு மனிதனுக்கு ஒரு நேரத்தில் ஒரு நோய்தான் வரலாம் என்று அந்தக் காப்புறுதிக் கந்தோரில் யாரோ முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஏர்னெஸ்டுக்கு இது தெரியாமல் போய்விட்டது. போன வருடம் பாரிசவாதம் வந்து இடக்கை விழுந்தது. அது தேறுவதற்கு முன்னமே, மாரி மழைக்குள் கிணற்றடியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பையும் முறித்துக்கொண்டார். தகடு வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கைக்கு ஒரு டொக்டர், இடுப்புக்கு ஒரு டொக்டர். இரண்டு பேரும் பிசியோதெரபி வேண்டும் என்று தனித்தனியே கடிதம் தந்தார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதால் அவருக்குக் காப்புறுதி இருக்கிறது. போன் பண்ணிக் கேட்டேன்.

"ஒரு நேரத்திலை ஒரு வருத்தத்துக்குத்தான் நாங்கள் குடுப்பம் அம்மா. அது முடிஞ்சுது எண்டு டொக்டர் எழுதித் தந்தால் மற்றதைத் தொடங்கலாம். கையோ, காலோ, எது முதல் எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார் அந்தக் கந்தோர்க்காரர்.

"அப்ப ஆளை ரெண்டாப் பிளந்து அனுப்பட்டோ?" என்று கேட்டேன். மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மையில் இதில் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. கால்தான்; இடுப்புத் தேறினால்தான் அவர் காலூன்றி எழும்புவார். வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இருவர் மட்டும். கட்டிலில் இருந்து கதிரைக்கு, கதிரையில் இருந்து கொமோட்டுக்கு, அங்கிருந்து திரும்பவும் கட்டிலுக்கு என்று அவரைத் தூக்கி விடுகிறவள் நான். அவர் நல்ல உயரமான ஆள். நான் அவருடைய தோளுக்கும் வரமாட்டேன். இப்போது என் நாரி, அந்த அடிமுதுகு, விட்டுப்போயிற்று. குனிந்தால் நிமிர முடியவில்லை. நோவெண்ணெய்ப் போத்தலைக் குசினியில் மிளகாய்த்தூளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். மணம் வந்தால் நுளம்புக் கடிக்குப் பூசினேன் என்று சொல்லிவிடுவேன். நாரி விஷயம் அவருக்குத் தெரிந்தால், இனி என்னைத் தூக்க வேண்டாம் என்று கட்டிலோடு கிடந்துவிடுவார். அந்தப் பிடிவாதத்தோடு தானே இவ்வளவு காலமும் குடும்பம் நடத்துகிறேன்.

"காலைப் போடுவம்" என்றேன்.

"கை" என்றார்.

"இடக்கைதானே? சாப்பிடுறது வலக்கை, எழுதுறது வலக்கை. இடக்கையாலை என்னத்தை வெட்டிப் புடுங்கப் போறியள்?"

"எனக்குக் கைதான் வேணும், மிரியம். நீர் பேசாமல் இரும்."

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். கால காலமாகச் சேர்ச்சில் ஆர்மோனியம் வாசித்தவர். துருத்தியை அமுக்குவது இடக்கை. அந்த ஆர்மோனியம் இப்போது முன்னறையில் துணி மூடிக் கிடக்கிறது. இங்கே நான் நாரி முறிந்து சாகிறேன், இவருக்குக் கீர்த்தனைக்குத் துருத்தி அமுக்க வேண்டியிருக்கிறது! நாரியைப் பற்றி நானே வாய் திறக்கவில்லை என்பது நினைவிருந்தும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சில நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் தூக்கும்போது கட்டிப்பிடித்துத்தான் தூக்க வேண்டும். கோபித்துக்கொள்ளக்கூட வசதியில்லாத வீடு.

எது முதல் என்று முடிவாகாமலே, அயலில் இருக்கிற றஞ்சித்தின் ஓட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போனோம். பிசியோதெரபி செய்கிற பிள்ளையின் பெயர் லவீனா. அமைதியான பிள்ளை. காலையும் கையையும் மெல்ல மடக்கிப் பார்த்தாள்.

"சேர், உங்கடை விருப்பத்தையும் நான் எழுதவேணும். கை சுகம் வந்தால் முதல் என்ன செய்யப் போறியள்?"

"ஆர்மோனியம் வாசிக்கப் போறார். எழுது பிள்ளை" என்றேன் குத்தலாக.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆர்மோனியமோ? அதை இப்ப சேர்ச்சிலை நிமலினி என்னிலும் பாக்க நல்லா வாசிக்கிறாள். எங்கடை பெட்டியையும் சேர்ச்சுக்குக் குடுத்துவிடும் எண்டு சொல்ல நினைச்சு மறந்துபோனன்."

பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நிலத்தைப் பார்த்தபடிதான் மிச்சத்தைச் சொன்னார்.

"காலமையிலை நானே கழுவவேணும், பிள்ளை. வலக்கையாலை சுவர்க் கம்பியைப் பிடிக்காட்டில் விழுந்திடுவன். இடக்கை சும்மா தொங்குது. இவாதான் கழுவி விடுறா. பிறகு இவாதான் தேத்தண்ணி கொண்டுவந்து தாறா. அது எனக்குத் தொண்டைக்குள்ளாலை இறங்குதில்லை. உதுக்கோ நான் இவாவைக் கலியாணம் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தனான்?"

லவீனா பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவி விடுவது எனக்கு ஒரு வேலையே அல்ல. பெற்ற பிள்ளைகளுக்குச் செய்த கைதான். செய்துவிட்டு அடுத்த நிமிடம் மறந்துவிடுவேன். என்னைக் கொல்வது அதற்குப் பிறகு அவரைத் தூக்கி நிறுத்துவதுதான். இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் நான் கழுவும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவர் இருப்பது நினைவுக்கு வந்தது. குளிர்ந்த தண்ணீர் படுவதால் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"காலைத் தள்ளிப்போட்டால் இடுப்பு இறுகிப்போடும், சேர். வீட்டிலை செய்யிற பயிற்சி காட்டித் தரலாம், ஆனால் அது காணாது" என்றாள் லவீனா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "தூக்கிறது நீங்கள்தானே அன்ரி. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அவர் தலை நிமிரவில்லை.

"கையைப் போடு" என்றேன். "தூக்கிறது எனக்குப் பழகிப்போச்சு."

அன்றிலிருந்து ஓட்டோவும் நாங்களுமாக யாழ்ப்பாணத்துக்கு அலைந்தோம். ரப்பர்ப் பந்தை நசுக்கினார், ஈரத் துவாயைப் பிழிந்தார், கோப்பையால் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினார். வீட்டிலும் ஓயாமல் செய்தார். விரல்கள் மெல்ல மெல்ல மடங்கின. இடுப்பு, லவீனா சொன்னபடியே, இறுகிக்கொண்டு வந்தது. அவர் இன்னும் பாரமாகிப்போனார். எண்ணெய்ப் போத்தல் முடிந்து புதிதாக ஒன்று வாங்கினேன்.

பங்குனி வெயில் தொடங்கிய ஒரு காலையில் அவரைக் கொமோட்டில் இருத்திவிட்டு நின்றேன்.

"நீர் வெளியிலை நில்லும்" என்றார். "கதவைச் சாத்திவிடும்."

வெளியே சுவரில் நாரியைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. கோப்பை விழுந்து உருண்டது. ஓடிப்போய்க் கதவில் கை வைத்துவிட்டு, திறக்காமல் நின்றேன். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பவும் தண்ணீர்.

"மிரியம்! வாரும்."

கதவைத் திறந்தேன். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. நிலமெல்லாம் வெள்ளம். இடக்கையில் சவுக்கார நுரை. இந்த ஒரு வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் காணவில்லை.

"எல்லாம் நானே செய்திட்டன்" என்றார். "இனி உமக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

"ஓம்" என்றேன்.

வலக்கையை என்னிடம் நீட்டினார். நான் குனிந்து அவருடைய கக்கத்துக்குள் தோளைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினேன்.