மாமனுக்கு முந்திய வெற்றிலை

விடியற்காலையில் கடத்தூரிலிருந்து மாது சைக்கிளைக் கிளப்புவதற்குள் அவன் அம்மா ஒரே பேச்சை மூன்று தடவை பேசிவிட்டாள்.

"மொத அழைப்பு வெத்தல உங்க மாமனுக்குத்தான். வழியில ஆரு கூப்ட்டாலும் எறங்காத. பென்னாகரம் போய் மாமன் கையில குடுத்துட்டு, திரும்பி வரப்போ மத்தவங்களுக்கு வெய்யி."

தங்கை பாஞ்சாலியின் கல்யாணத்துக்கு இன்னும் எட்டே நாள். தாய்மாமன் சீர் வராமல் பெண் மணையில் உட்கார முடியாது. அந்த மாமன் தீர்த்தனோ லேசுப்பட்ட ஆளில்லை. போன வருஷம் பங்காளி வீட்டுக் கல்யாணத்தில், தன்னை இரண்டாவதாகத்தான் அழைத்தார்கள் என்று தெரிந்ததும் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். முகூர்த்தம் தவறியது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். அந்தப் பெண் இன்றைக்கும் வீட்டோடுதான் இருக்கிறாள். என்ன வீம்போ, என்ன கௌரவமோ!

தர்மபுரி வரைக்கும் மாது நல்லபடியாகத்தான் மிதித்தான். அதியமான்கோட்டையில் பின்சக்கரம் புஸ்ஸென்று இறங்கிவிட்டது. உலகச் சண்டைக் காலம், புது டியூப் கண்ணில் காணக் கிடைக்காது. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட டியூப் அது. இறங்கியதுதான் இறங்கியது, ராமக்கா பெரியம்மா வீட்டு வாசலிலா இறங்க வேண்டும்?

ராமக்கா அவன் அம்மாவுக்குப் பெரியப்பா மகள். புருஷன் போய்ப் பல வருஷமாகிறது. ஓட்டை எங்கே என்று பார்க்க அவளே குண்டானில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் ஒட்டி முடிப்பதற்குள் கேழ்வரகுக் கூழும் கரைத்துக் கொடுத்தாள். அப்போதுதான் பைக்குள் இருந்த வெற்றிலைக் கட்டைப் பார்த்தாள்.

"பாஞ்சாலிக்கா? மவராசியா இருக்கட்டும் சாமி" என்று சொல்லிவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள்.

அவள் அப்படி ஒதுங்கியதைத்தான் மாதுவால் தாங்க முடியவில்லை. கூழைக் குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு பேசாமல் போக அவன் என்ன கல்லா? இரண்டு வெற்றிலையும் பாக்கும் எடுத்து அவள் கையில் வைத்தான். "அவசியம் வரணும் பெரீம்மா."

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஊர் எல்லை தாண்டிய பிறகுதான் மாதுவுக்கு அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. தாலியறுத்தவளுக்கு முதல் வெற்றிலை! மாமனுக்குத் தெரிந்தால் வெட்டிப் போட்டுவிடுவாரே. சரி, யார் போய்ச் சொல்லப் போகிறார்கள், அவள் வீட்டைவிட்டு எங்கே நகரப் போகிறாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு மிதித்தான்.

சற்று முன் அவனைத் தாண்டிப் போன கரி பஸ் இண்டூர் மேட்டில் நின்றுகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் அடுப்புக்கரிப் புகையில் ஓடும் வண்டி. ஜனங்கள் இறங்கி நிற்க, கண்டக்டர் உலைக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். மாது தலையைக் குனிந்தபடி அதைக் கடந்து போனான். கால் மணி கழித்து அதே வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு அவனை முந்தியது. ஜன்னலில் ராமக்காவின் முகம்!

"டேய் மாது! உங்க மாமன் வூட்டுக்குத்தான் புளி தட்டப் போறேன். நீ எனக்கு வெத்தல வெச்சத நானே போய் மொதல்ல சொல்றேன்!"

"பெரீம்மா! வேண்டாம்! சொல்லாதீங்க!" என்று கத்தினான். வண்டிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அவள் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள்.

மாது பேய் பிடித்தவன்போல் மிதித்தான். மற்ற நாளெல்லாம் மைலுக்கு ஒருதரம் மூச்சு வாங்கும் அந்தக் கரி பஸ், அன்றைக்கென்று பார்த்து நிற்காமல் ஓடியது. பாவி வண்டி! வழியெல்லாம் பாஞ்சாலியின் முகம்தான் கண்ணில் நின்றது. ஒரு வாய்க் கூழுக்காகக் கூடப்பிறந்தவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று வாய்விட்டே அழுதான். இறக்கத்தில் சங்கிலி வேறு கழன்றது. மாட்டுவதற்குள் கையெல்லாம் மசியும் ரத்தமும்.

அவன் போய்ச் சேர்ந்தபோது மாமன் வீட்டு வாசல் முழுக்கப் புளி பரப்பியிருந்தது. ராமக்கா கல்லை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். தீர்த்தன் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வாடா. வர்ற வழியில எங்கயாச்சும் வெத்தல வெச்சியா?"

மாது சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். முதல் வெற்றிலை தனக்குத்தான் என்று மாமன் அதுவரை பேசியதைக் கேட்டு விஷயத்தைச் சொல்லாமலிருந்த ராமக்கா, அவன் அழுத முகத்தைப் பார்த்தாள்.

"இவனா? நல்லா வெப்பான்!" என்று ராமக்கா கல்லைப் போட்டுவிட்டு எழுந்தாள். "என் வூட்டு வாசல்ல குந்தி பஞ்சர் ஒட்டுனான், என் கூழக் குடிச்சான். ஒரு வெத்தல கண்ணுல காட்டலயே தம்பி! முண்டச்சிக்கு எதுக்குன்னு நெனச்சுட்டான்."

தீர்த்தன் முகம் மலர்ந்துவிட்டது. "அது மொற, அக்கா. மாமனுக்கு அப்புறந்தான் எவளும்." மாது நீட்டிய வெற்றிலையைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்கினார். எட்டு வகைச் சீர் கொண்டுவருவதாகவும் சொன்னார்.

மாது அதோடு நிற்கவில்லை. பைக்குள் மறுபடி கை விட்டு, மாமன் பார்க்கப் பார்க்கவே ராமக்காவின் முன்னால் போய் நின்றான்.

"இவங்களுக்குமா?" என்றார் மாமன், முகம் சுருங்கி.

"எங்க பெரீம்மா, மாமா. அவங்க இல்லாமயா?" வெற்றிலையை நீட்டினான்.

வாங்கிய வெற்றிலையைத் திருப்பிக் கொடுக்க மாமனால் ஆகுமா? உறுமிக்கொண்டே உள்ளே போனார்.

ராமக்கா புளிக் கையை முந்தானையில் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஒரே நாள்ல ரெண்டு வாட்டி அழச்சுட்ட" என்றாள் மெதுவாக. "இனி நீயே வேண்டாம்னாலும் வந்துருவேன்டா."