கோழிக்கடைக்காரரின் நோயாளி

நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பார்கள். அன்று சாயங்காலம் வந்த நரி வலமும் போகவில்லை, இடமும் போகவில்லை. நேராகக் கொல்லைப்புற வேலிக்குள் நுழைந்து சீமாட்டியின் முதுகில் வாயை வைத்துவிட்டது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கோழிக்கடைக்காரர் மனைவி போட்ட கூச்சலிலும் எறிந்த வாளியிலும் அது கவ்வியதை விட்டுவிட்டு ஓடியது.

சீமாட்டி என்பது ஒரு கோழி. முன்பு ஒருநாள் கடைக்கு வந்த கூண்டில் கால்விரல் கோணலாக ஒரு பெட்டை இருந்தது. கணவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் அதைப் பார்த்தாள், அது அவளைப் பார்த்தது. சாப்பாடு வந்த பையிலேயே கோழி வீட்டுக்குப் போயிற்று. அவர் கடையிலிருந்து உயிரோடு வெளியே போன ஒரே கோழி அதுதான். அந்தத் திமிர் அதற்கு நிறையவே இருந்தது. கொல்லையில் அவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால், அவரே வந்தாலும் இறங்காது.

கடையை மூடிவிட்டு வந்தவர் காயத்தைப் பார்த்தார். முதுகுத் தோல் கிழிந்து தொங்கியது. இறக்கைக்கு அடியில் பல் இறங்கிய ஓட்டைகள். அவருக்கு மனசு கலங்கிவிட்டது. ஆனால் மனசு கலங்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத பிறவி அவர்.

"ரெண்டு நிமிஷ வேலைம்மா. வலியே தெரியாம நான் முடிச்சு வச்சிடுறேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மனைவி கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். "இனிமே இது செத்துச்சுன்னா, தானாத்தான் செத்துச்சுன்னு நீங்க தலைகீழா நின்னு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

அவருக்குச் சுருக்கென்றது. எடை குறைகிறது என்று ஆட்கள் சண்டைக்கு வந்தபோதுகூட, "என் வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் நின்றவள் அவள். ஒரு கோழியால் அந்த நம்பிக்கை போய்விடும் போலிருந்தது. ஆகவே சீமாட்டி பிழைத்தே ஆகவேண்டும்.

மறுநாள் அவர் பழக்கூடையில் கோழியோடு மிருக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். நாய்க்காரர்களும் பூனைக்காரர்களும் அவரை அடையாளம் கண்டு தங்கள் பிள்ளைகளைச் சற்று இழுத்து வைத்துக்கொண்டார்கள். டாக்டரோ ஞாயிறு தவறாமல் அவர் கடைக்கு வருகிறவர்.

"நீங்களா? கோழிக்கு வைத்தியம் பாக்கவா வந்தீங்க?"

டாக்டர் காயத்தைச் சுற்றி இறகை வெட்டி, கழுவி, தையல் போட்டு, களிம்பு தந்தார். "ரொம்ப அவதிப்பட்டா முடிச்சிடலாம். அது எப்படின்னு உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா என்ன?" என்று சிரித்தார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "பொழைக்க வைக்கிறது எப்படின்னு மட்டும் சொல்லுங்க டாக்டர். மத்தது எனக்குத் தெரியும்."

மனைவிக்கு ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் கம்பெனியில் இஸ்திரி வேலை. கோழியைத் தனியாக விட முடியாது. எனவே சீமாட்டி கடைக்கே வந்தது. தராசுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே கம்பெனியில் கழித்த பழைய விரிப்பு, மேலே வெளிச்சம் படாமல் ஒரு துண்டு. ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் அதைத் தொடுவார். கரண்டியில் தண்ணீர் எடுத்து அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடுவார். அவித்த மஞ்சள்கருவை மசித்து ஊட்டுவார். பிறகு கழுத்தடியில் இரைப்பையைத் தடவி, இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். ஆயிரக்கணக்கான இரைப்பைகளைத் தொட்ட விரல்கள்தான். உள்ளே இரை இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

"அந்தப் பெட்டியில இருக்கறதக் குடுங்க, நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்றாள் ஒரு வாடிக்கைக்காரி.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா."

"பின்ன எதுக்கு?"

"அது பேஷண்ட்டு."

பக்கத்துச் சைக்கிள் கடைக்காரருக்கு இதைவிட வேறு தீனி வேண்டுமா? "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு அண்ணே!" என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

சீமாட்டி எழுந்து நின்றது. ஒருநாள் மருந்து போட்ட கையையே நறுக்கென்று கொத்தியது. கடைக்காரர் அந்தக் கட்டைவிரலை அன்று முழுக்க எல்லோரிடமும் நீட்டிக் காட்டினார். "பாத்தீங்களா, என்ன பலம்!" தொலைந்து போன மானம் திரும்பி வந்த மாதிரி அவருக்கு அத்தனை சந்தோஷம்.

அப்போதுதான் மனைவியின் தங்கைக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. உடனே கிளம்ப வேண்டும். அவள் பையோடு கடைக்கு வந்து பெட்டிக்குள் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"பூனைய மீனுக்குக் காவல் வச்சிட்டுப் போறீங்களே அக்கா!" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

அவள் "மருந்து மறந்துடாதீங்க" என்று மட்டும் கணவரிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவர் மறக்கவில்லை. ஆனாலும் அடுத்த நாள் சீமாட்டி மஞ்சள்கருவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொண்டை வெளிறி, உடம்பு கொதித்தது. கடையைப் பாதியில் மூடிவிட்டு டாக்டரிடம் ஓடினார். ஆழத்தில் சீழ் வைத்துவிட்டது என்றார் டாக்டர். ஊசி போட்டார். இந்தத் தடவை அவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில், அவர் மடியில், முழங்கை மடிப்புக்குள் தலையை நுழைத்துக்கொண்டு சீமாட்டி போய்விட்டது. கடைக்காரர் அழுதார். அவர் ஒரு கோழிக்காக அழுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரே நம்பியிருக்க மாட்டார். அழுது முடித்ததும் பயம் வந்தது. தங்கைக்குப் பெண் குழந்தை, இருவரும் சுகம், சாயங்காலம் வருகிறேன் என்று மனைவி போனில் பூரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எதைச் சொல்வது? "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்று கடை திறக்கவில்லை. இருட்டுவதற்கு முன் அவள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். சைக்கிள் கடைக்காரர் எங்கிருந்துதான் மோப்பம் பிடித்து அங்கே வந்தாரோ, "கடையே பூட்டியிருக்கு அக்கா! வறுத்துட்டாரா, சூப்பா?" என்று கத்தினார்.

அவள் கொல்லைக்கு வந்தாள். கடைக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் பெட்டி. அதில் விரிப்பால் சுற்றி, கழுத்தை மட்டும் நன்றாகத் தெரியும்படி திறந்து வைத்திருந்தார். அங்கே இறகுகளை ஒவ்வொன்றாகத் தடவி ஒழுங்காகப் படிய வைத்திருந்தார்.

"நான் எதுவும் பண்ணலம்மா" என்றார். "நீயே பாத்துக்கோ. கழுத்துல ஒரு கீறல்கூட இல்ல. அதுக்குத்தான் மூடாம வச்சிருக்கேன்."

அவள் குனிந்தாள். விரிப்பை இழுத்து, பார்க்காமலே, அந்தக் கழுத்தை மூடினாள். சுற்றிலும் செருகிவிட்டாள். பிறகு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலையிலேருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.