மெலிந்து போனவர்கள்

ஆஸ்பத்திரியில் தங்கையின் கட்டிலைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள். ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நல்ல பள்ளிக்கூடம் அவளுக்கு, நகரத்து மாப்பிள்ளை அவளுக்கு. தனக்கு வாய்த்தது படகேறிப் போகவேண்டிய தீவும் வலை நாற்றமும். இப்போது நோயிலும் அவளுக்குத்தான் அதிர்ஷ்டம். அலுவலகத்தில் எல்லோரையும் பரிசோதித்தபோது மாரில் தட்டுப்பட்ட பட்டாணி அளவுக் கட்டி, வெட்டி எடுத்தாயிற்று. "பொழச்சுட்டா அண்ணி" என்று அவள் புருஷன் போனில் அழுதபோது, அக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம் அல்ல.

பார்க்க வந்தவர்கள் கலைந்ததும் ஒரு பெண் மருத்துவர் வந்தார். புற்றுநோய் எந்தப் பகுதியில் யாருக்கு வருகிறது என்று ஆராய்பவர்.

"நீங்க தீவா? அங்கேருந்து ஏன் இவ்வளவு கம்மியா வர்றாங்க?"

தங்கை முந்திக்கொண்டாள். "அவகிட்ட கேக்காதீங்க டாக்டர். அங்க காத்து அவ்வளவு சுத்தமாம். நோய் கரையில எறங்கிப் பாத்துட்டு அதே படகுல திரும்பிடுமாம். கல்யாணம் ஆன நாள்லேருந்து இதையே ஊதுறா."

"பின்ன, உங்கள மாதிரி புகையத் தின்னுக்கிட்டா கெடக்கோம்?"

மருத்துவர் சிரிக்கவில்லை. "நகரத்துல நிறைய பேருக்கு வருது. ஆனா பல பேருக்கு இவங்கள மாதிரி சின்னதுலயே கண்டுபிடிச்சுடுறோம். தீவுலேருந்து கொஞ்சம் பேர்தான் வர்றாங்க. அவங்களும் முத்தின பிறகுதான். வராதவங்க என்ன ஆனாங்கன்னு தெரியல."

தீவில் யாரும் அந்த நோயால் சாவதில்லை, மெலிந்து போவார்கள். மாமியார் மெலிந்து போனார். பள்ளிக்கூடத்துச் சமையல்காரி மெலிந்து போனாள். பக்கத்து வீட்டுக்காரி கடைசிவரை மாரில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெந்நீர் பட்டுவிட்டது என்றே சொன்னாள். துக்கம் கேட்கப்போன வீடுகளிலெல்லாம் 'பாவம், மெலிஞ்சு போயிட்டா' என்று அக்காவும்தான் சொல்லியிருக்கிறாள்.

"அங்க யாருக்கும் எதுவும் இல்ல டாக்டர்."

அவர் போய்விட்டார். தங்கையுடையது பட்டாணி. தன்னுடையது எலுமிச்சை, போன மழைக்காலத்திலிருந்து அக்குள் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவளைக் கண்டுபிடிக்க ஒரு அலுவலகமே இருந்தது. தன்னைக் கண்டுபிடிக்க யார் இருந்தார்கள்? அதற்காக இவளிடமே போய் நிற்பதா?

"நாலு மணிப் படக விட்டுடாதக்கா. கெளம்பு. பை அலமாரி மேல இருக்கு."

அக்கா இடது கையை நீட்டினாள். எட்டவில்லை. நுனிக்காலில் எம்பினாள்.

"பை அந்தப் பக்கம்ல இருக்கு. வலது கையால எடு."

"இதுவே எட்டும்."

பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. தங்கை விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கேலி இல்லை.

"அக்கா, அந்தக் கையத் தூக்கு."

துறையில் படகு ஒருமுறை ஊதியது. வலது கை மெல்ல எழுந்தது. தோள்வரை வந்து, ஆரஞ்சுப் பிசுக்கு ஒட்டிய விரல்கள் விரிந்தபடி, அங்கேயே நின்றது.