நடுவில் சுற்றுவது

…கை தவறவில்லை, சத்தியமாகத் தவறவில்லை, ஆய்வுக்கூடத்தில் படிகத் தகட்டை வைர முனையால் கீறி உடைக்கும்போது ஓரத்தில் ஒரு சில்லு தானாகத் தெறித்தது, நொய்யரிசி அளவுகூட இல்லை, ஆனால் மிஞ்சியிருந்த கடைசித் துண்டு அது, அது போனால் ஆராய்ச்சிக்காரப் பெண்ணின் இத்தனை வருஷ உழைப்பும் மண். துண்டு வெட்டிக் கொடுக்கும் உதவியாள் இவள், ஒளிக்காமல் சொல்லிவிட்டாள், அந்தப் பெண் கோபப்படவில்லை, முகம்தான் வெளுத்தது. பிறந்த வீட்டில் எல்லாரும் கல் உடைத்தவர்கள், சில்லு தெறித்தால் கண்ணைப் பார்த்துக்கொள் என்பார்கள், கல்லுக்காக யாரும் பயந்ததில்லை… இப்போது துண்டு குளிர்தொட்டிக்குள் இருக்கிறது, காந்தத்தின் பலம் ஏறுகிறது, திரையில் கோடும் ஏறுகிறது. இந்தக் காந்தத்தில் மின்சாரம் ஓரமாகத்தான் போகும் என்கிறார்கள், ஓரமே மூளியானால் எங்கே போகும்? கோடு படிக்கட்டின் படி மாதிரி மட்டமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் போச்சு.

ஓரம்… காலையில் மகள் சொன்னதும் அதுதானே, "நீயும் ஓரமாத்தாம்மா நடக்கற." கூடத்துக்கு நடுவில், வாசலுக்கும் அடுப்படிக்கும் நேர்வழியில், புருஷன் கிடந்த கட்டில். ஆள் போயாச்சு, கட்டிலையும் தூக்கிப் போட்டாச்சு, மருந்து வாடைகூடப் போயாச்சு, ஆனாலும் அம்மாவும் மகளும் சுவரை உரசிக்கொண்டே போகிறார்கள், ஓரத்தில் தரை தேய்ந்து கறுத்துவிட்டது, நடுவில் மட்டும் புதுசு மாதிரி… யார் சொல்லி?

கோடு நின்றது. மட்டமாக, அசையாமல். ஆராய்ச்சிக்காரப் பெண் மூச்சை விட்டுச் சிரித்தாள், சில்லு போன அந்த ஓட்டைப் பல்லைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போய்விட்டதாம், திரும்பி வரத் தெரியாத ஜென்மமாம். இவளுக்கும் உயிர் வந்தது. வந்த உயிர் சும்மா இருக்காமல், அப்போ நடுவில் ஒன்றுமே இல்லையா என்று கேட்டுவைத்தது.

"இருக்குக்கா. நின்ன எடத்துலயே வட்டம் போட்டுக்கிட்டு இருக்கும், எங்கயும் போய்ச் சேராது."

"காந்தத்த எறக்கினா?"

"கெளம்பிடும். நடு, ஓரம்னு பாக்காது, எல்லாப் பக்கமும் வரும்."

திரையில் எண் குறையத் தொடங்கியது, இறக்குகிறாள். முதுகில் சில்லென்று ஏதோ பட்டது, சுவர்… இங்கேயும் சுவரோடு ஒட்டித்தான் நின்றிருக்கிறாளா, இவ்வளவு இடம் நடுவில் கிடக்க? வீட்டில் காந்தத்தை ஏற்றி வைத்தது யார், இறக்குவது யார்… மகள் இந்நேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள், செருப்பைக் கழற்றியிருப்பாள், காலையில் இன்னொன்றும் சொன்னாளே, சாயந்தரம் வந்ததும் நான் நடுவுல நடந்து பாக்கறேம்மா என்று.