ரிப்பன் கட்டிய ஆறு படகுகள்

மெல்கி, வயது இருபத்துமூன்று, தீமோர்க்காரன். இப்போது நிற்பது வடக்கு ஜாவாவில், மாவட்ட அலுவலக மைதானத்தில், மூன்றாவது வரிசை. வெள்ள மீட்புப் பிரிவின் ஒப்பந்தப் படகோட்டி. அவன் மனைவி யுஸ்தி நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்திருப்பது மீனவர் தெருவில், வாடகை அறையின் மேஜை மேல். விடிகாலையிலேயே கடல் வீட்டுக்குள் வந்துவிட்டது.

மைதானத்தில் ஆறு புது ரப்பர் படகுகள், ரிப்பன் கட்டி. வெள்ளத் தயார்நிலை அணிவகுப்பு. மாவட்டத் தலைவர் வந்து மூன்று முறை சேகண்டி அடித்தால்தான் மாவட்டம் தயார்.

"பாக், ஒரு படகு குடுங்க. யுஸ்திக்கு வலி எடுத்துருச்சாம்" என்றான் பிரிவுத் தலைவர் ஹர்தோனோவிடம். பாக் என்றால் அங்கே ஐயா.

"ஆறு படகுன்னு அழைப்பிதழ்ல அடிச்சாச்சுப்பா. அஞ்சு நின்னா அசிங்கமா இருக்காது?"

"வெள்ளம் வந்துருச்சே, பாக்."

"நாம தயாராகாம அது வந்தா, நான் என்ன பண்றது?"

"கடலுக்கு அழைப்பிதழ் போகல போல" என்று பின்வரிசையில் ஒருவன் முணுமுணுத்தான்.

சிற்றுண்டிப் பெட்டிகள் வந்தன. மெல்கி திறக்கவில்லை. யுஸ்தியிடமிருந்து குறுஞ்செய்தி: 'மேஜை ஆடுது.'

அப்போது ஹர்தோனோவின் கைபேசி அலறியது. கேட்டவர் முகம் வெளுத்தது. மாவட்டத் தலைவரின் கார் சந்தை முக்கில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டதாம்.

"மெல்கி! படகை எடு! ஐயாவக் கூட்டிட்டு வா!"

"அஞ்சுதான் நிக்கும், பாக்."

"ஐயா ஏறி வர்றதுதாண்டா ஆறாவது! ஓடு!"

மைதான வாசலிலேயே தண்ணீர் தொடங்கியிருந்தது. சந்தை முக்கில் இடப்பக்கம் கார்; கூரைமேல் வெள்ளைச் சீருடையில் தலைவர் கையசைத்தார். வலப்பக்கம் மீனவர் தெரு. மெல்கி பதிலுக்கு மரியாதையாகக் கையசைத்துவிட்டு வலப்பக்கம் திரும்பினான்.

யுஸ்தியை ஏற்றிக்கொண்டு வந்துதான் தலைவரை ஏற்றினான்.

"மைதானத்துக்குப் போப்பா, நேரமாச்சு" என்றார் அவர்.

யுஸ்தி போட்ட அலறலில் தலைவரின் தொப்பி தண்ணீரில் விழுந்தது.

"சரி சரி, ஆஸ்பத்திரிக்கே போ" என்றார்.

பதினொன்றரைக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். நண்பகலில் சேகண்டி அடித்தார்கள், மாவட்டம் தயாரானது. மாலையில் மெல்கிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்: அனுமதியின்றி ரிப்பனை அவிழ்த்ததற்கு.

மீனவர் தெருவில் இன்னும் பதினேழு வீட்டுக்காரர்கள் கூரைமேல் இருக்கிறார்கள். ஆறு படகுகளும் நாளைய பத்திரிகைப் படத்துக்காக மைதானத்தில் நிற்கின்றன. இதைப் படிக்கிறவர் யாரிடமாவது படகு இருந்தால், தயவுசெய்து இப்போதே அங்கே போங்கள்.